செவிவழித் தீர்வு: இனுயிட் மக்கள் வரலாற்றில் சொல்லும் மௌனமும்

முன்னுரை

தமிழில் ‘கேட்டல்’ என்னும் சொல் இருபொருள் தரும். ஒருவரை வினவுதலும் கேட்டல். ஒருவர் உரைப்பதைச் செவிமடுத்தலும் கேட்டல். இவ்விரண்டையும் வேறுபிரித்து, வினவுதலை இயன்றவரை குறைத்து, செவிமடுத்தலை வாழ்வின் ஒழுக்கமாகவே வளர்த்துக்கொண்ட மக்களினம் ஒன்று உலகின் வடகோடியில் வாழ்ந்து வருகிறது. பள்ளிப் பருவத்தில் நாம் ‘எஸ்கிமோக்கள்’ எனப் படித்த இனுயிட் மக்களே அவர்கள். எஸ்கிமோ என்பது அயலார் இட்ட பெயர். இனுயிட் என்பதற்கு அவர்தம் மொழியில் ‘மக்கள்’ என்பது பொருள். ஒருவரைக் குறிக்கையில் ‘இனுக்’ என்பர். கிரீன்லாந்து, கனடாவின் வடபகுதி, அலாஸ்கா, உருசியாவின் கிழக்கு முனை ஆகிய நிலங்களில் பரவியுள்ள இவர்கள் இன்று ஏறத்தாழ 1,80,000 பேர் எனக் கணக்கிடுவர்.

இம்மக்களைப் பற்றிய நம் அறிவு பெரும்பாலும் பனிவீட்டோடும் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியோடும் நின்றுவிடுகிறது. அவர்தம் சமுதாய அமைப்பு அவற்றினும் வியப்பிற்குரியது. அவர்களிடையே மன்னர் இல்லை, நீதிபதி இல்லை, காவலரும் சிறையும் இல்லை, எழுதி வைத்த சட்டமும் இல்லை. எனினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவிலிருந்து கிழக்கு நோக்கிப் பரவிய காலந்தொட்டுத் தங்கள் பூசல்களைத் தாங்களே தீர்த்துக்கொண்டு வாழ்ந்தனர். இஃது எவ்வாறு இயன்றது? அயலாரின் ஆட்சியும் சட்டமும் வந்து சேர்ந்தபோது அம்முறைக்கு நேர்ந்தது என்ன? இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வு வகுத்த நெறி

ஒரு சமுதாயத்தின் பேச்சு முறையை அறிய அதன் பிழைப்பு முறையை முதலில் அறிதல் வேண்டும். கனடாவின் நடு ஆர்க்டிக் பகுதியில் வாழ்ந்த நெட்சிலிக் இனுயிட் மக்களை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும். அவ்வேளையில் அவர்களுக்கு உணவும் விளக்கெண்ணெயும் தருவது சீல் எனப்படும் கடல்நாய். பனித்தளத்தின் கீழ் வாழும் இவ்விலங்கு மூச்சு வாங்குவதற்காகப் பல துளைகளை இட்டு வைத்து, அவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழியே மேலே வரும். எந்தத் துளைக்கு எப்போது வரும் என யாராலும் சொல்ல இயலாது. ஆகவே தனியொருவன் ஒரு துளையருகே காத்திருப்பதால் பயன் சிறிது. பலர் சேர்ந்து பல துளைகளில் எறியீட்டியுடன் அசையாது, ஓசை எழுப்பாது, மணிக்கணக்கில் நின்றால்தான் ஒருவருக்கேனும் வேட்டை கிட்டும். கிடைத்த விலங்கின் ஒவ்வோர் உறுப்பும் இன்ன பங்காளிக்கு உரியது என்னும் மரபின்படி பலருக்கும் பகிரப்படும்.

இவ்வாழ்வில் பகை என்பது வெறும் மனக்கசப்பு அன்று. இருவர் முரண்பட்டுப் பிரிந்தால் இரண்டு துளைகள் காவலின்றிப் போகும். பங்கீட்டுச் சங்கிலி அறுபடும். குழந்தைகள் பசித்திருக்க நேரும். அடுத்த குடியிருப்போ பலநாட் பயணத் தொலைவில் இருக்கும். எனவே பூசலில் எவர் பக்கம் நியாயம் இருந்தது என்று முடிவு கட்டுவதைக் காட்டிலும், பூசலிட்டோர் மறுநாளும் ஒரே பனித்தளத்தில் சேர்ந்து நிற்க முடியுமா என்பதே ஊராரின் கவலையாயிற்று. இனுயிட் மக்களின் தீர்வு முறைகள் அனைத்தும் இவ்வொரு கவலையிலிருந்தே கிளைத்தன எனலாம்.

சொல்லாமற் சொல்லுதல்

இம்மக்களின் உரையாடலில் மௌனத்திற்குப் பெரிய இடம் உண்டு. விருந்தினர் ஒருவர் வீட்டினுள் வந்து நெடுநேரம் ஒன்றும் பேசாது அமர்ந்திருந்து பின் எழுந்து போதல் இயல்பான செயல். ‘ஆம்’ எனச் சொல்லப் புருவத்தை உயர்த்துதலும், ‘இல்லை’ எனச் சொல்ல மூக்கைச் சுருக்குதலும் வழக்கம். முகத்தைப் பாராதவர்க்கு இவ்விடை கிட்டாது. ஒருவரின் உள்ளக்கிடக்கையை அறியும் உரிமை பிறர்க்கு இல்லை என்னும் எண்ணத்தால், ‘ஏன் செய்தாய்?’, ‘எங்கே போகிறாய்?’ என நேரே வினவுதல் பண்புக்குறைவாகக் கருதப்பட்டது. தான் கண்டதை மட்டுமே உறுதியாகச் சொல்ல வேண்டும் என்பதும் முதியோர் போற்றிய நெறி.

இந்நெறியை உள்ளிருந்து கண்டு எழுதியவர் ஜீன் பிரிக்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர். 1963 முதல் 1965 வரை, ஹட்சன் விரிகுடாவிற்கு வடமேற்கே சாண்ட்ரி இன்லெட் பகுதியில், ஓர் இனுயிட் குடும்பத்தின் வளர்ப்பு மகளாக அவர் வாழ்ந்தார். 1970-இல் வெளிவந்த அவரது ‘நெவர் இன் ஆங்கர்’ என்னும் நூல் இத்துறையில் முதன்மையானது. இம்மக்களின் மனவியலில் இரண்டு சொற்கள் அடித்தளமானவை என அவர் காட்டினார். ஒன்று ‘இஹுமா’, அறிவு, நினைவு, தன்னடக்கம் ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். மற்றொன்று ‘நக்லிக்’, எளியோரைப் பேணும் அன்பு. சினம் கொள்ளுதல் இவ்விரண்டும் இல்லாமையின் அடையாளம். குழந்தை சினம் கொள்ளலாம். அதற்கு இன்னும் இஹுமா வளரவில்லை. வளர்ந்தவர் சினந்தால் அவர் குழந்தை நிலைக்குத் திரும்பிவிட்டார் என்பதே ஊராரின் கணிப்பு.

பிரிக்ஸ் தம் வாழ்விலேயே இதற்கு விலை கொடுத்தார். மீன் பிடித்து மகிழ வந்த வெள்ளையர் சிலர் அவ்வூராரின் படகுகளை இரவல் பெற்று, ஒன்றைச் சேதப்படுத்திவிட்டு, எஞ்சிய ஒன்றையும் கேட்டனர். ஊராரின் பிழைப்பே அப்படகில் இருப்பதை அறிந்த பிரிக்ஸ், அவர்களுக்காகப் பரிந்து, வந்தவர்களிடம் கடுமையாகப் பேசிவிட்டார். வளர்ப்புத் தந்தையோ, விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும் எனக் கூறி விவாதத்தை முடித்தார். அன்று தொடங்கி மாதக்கணக்கில் ஊரார் பிரிக்ஸை ஒதுக்கி வைத்தனர். வசைச்சொல் ஒன்றும் எழவில்லை. உணவும் உதவியும் குறையவில்லை. ஆனால் அவருடைய கூடாரத்தை நாடி வருவோர் குறைந்தனர். முறைகேடு எதுவும் நடக்காததால் முறையிடவும் அவருக்கு வழியில்லை. வேற்றூரில் வாழ்ந்த இனுக் பெண்மணி ஒருவர், பிரிக்ஸ் ஊராரைக் காக்கவே அவ்வாறு பேசினார் என விளக்கிக் கடிதம் எழுதிய பின்னரே பழைய நட்பு மீண்டது. நல்ல நோக்கத்தோடு எழுந்த சினத்தையும் அம்மக்கள் அஞ்சினர் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பறையும் பாட்டும்

மௌனத்தால் எல்லாப் பிணக்கும் தீர்ந்துவிடாது. அடக்கி வைத்த பகை என்றேனும் வெடிக்கும் என்பதை இனுயிட் மக்கள் நன்கறிந்திருந்தனர். அதற்கு அவர்கள் கண்ட வடிகாலே பாட்டுப் போர். கிரீன்லாந்தில் இது சிறந்து விளங்கியது. 1721-இல் அங்குச் சென்ற ஹான்ஸ் எகெட என்னும் கிறித்தவப் பாதிரியார் இதைப் பற்றி எழுதியுள்ளார். மேற்குக் கிரீன்லாந்தில் சமயப் பணியாளர்கள் இவ்வழக்கத்தை ஊக்குவிக்கவில்லை. நாளடைவில் அது அங்கு மறைந்தது. வெளியுலகத் தொடர்பின்றி இருந்த கிழக்குக் கரையில் அது நெடுங்காலம் நிலைத்தது. 1884-இல் டேனியக் கடற்படை அலுவலர் குஸ்தாவ் ஹோல்ம் அம்மாசலிக் பகுதியை அடைந்தபோது அங்கு அது உயிர்ப்புடன் வழங்கக் கண்டார். 1905–06-இல் வில்லியம் தால்பிட்சர் என்னும் மொழியறிஞர் அப்பகுதிப் பாடல்களை ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்தார்.

இப்போரின் அமைப்பு நோக்கத்தக்கது. மனைவியைக் கவர்ந்தான், பொருளைத் திருடினான், புறங்கூறினான் என ஒருவன் மற்றொருவன்மீது குறை உடையவனாயின், அவனைப் பாட்டுக்கு அழைப்பான். ஊரார் கூடுவர். மரச்சட்டத்தில் தோல் போர்த்த ‘கிலாத்’ என்னும் ஒற்றைமுகப் பறையைக் கையிலேந்தி, தோலில் அடிக்காது சட்டத்தின் விளிம்பில் கோலால் தட்டியவாறு, எதிரியின் குற்றங்களை எள்ளல் ததும்பப் பாடுவான். அவனுடைய இல்லத்தார் பல்லவியில் சேர்ந்துகொள்வர். பிறகு எதிரியின் முறை வரும். சில பாட்டுப் போர்கள் ஒரே நாளில் முடிவதில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தவையும் உண்டு.

பாடுவோனின் திறமையை அறிஞர் பலரும் விரித்துரைத்துள்ளனர். கேட்போனின் கடமை அதனினும் கடினமானது என்பதே இங்கு வற்புறுத்த வேண்டிய கருத்து. தன் குடும்பத்தார் முன்னிலையில் தன்மீது வசை பொழியப்படும்போது, எதிரி அமைதியாக நின்று, முகம் வாடாது, தானும் அதைச் சுவைப்பவன் போலக் கேட்டு முடிக்க வேண்டும். இடைமறித்தாலோ சினந்தாலோ தோற்றவனாவான். ஆக, இம்மன்றத்தில் ஒவ்வொருவனும் தன்மீதுள்ள குறையை முழுமையாகச் செவிமடுத்த பின்னரே தன் குறையைச் சொல்லும் தகுதியைப் பெற்றான்.

இங்கே தீர்ப்புரைக்கும் நடுவர் இல்லை. ஊராரின் சிரிப்பு யார் பக்கம் மிகுதியோ அவர் வென்றவர். வழக்கின் உண்மை ஆராயப்படுவதில்லை, இழப்பீடும் வழங்கப்படுவதில்லை. 1954-இல் பழங்குடிச் சட்டங்களைப் பற்றி நூலெழுதிய ஆடம்சன் ஹோபெல், பாட்டுப் போர் நியாயம் வழங்கும் கருவி என்பதைவிட, முறிந்த உறவை மீண்டும் இணைக்கும் கருவி என்றே அதனை விளக்குகிறார். ஊரறியப் பாடியாயிற்று, ஊரறியக் கேட்டாயிற்று என்றபின் மறைத்து வைக்கப் பகை எஞ்சியிருப்பதில்லை.

வாய்விட்டு உரைத்தல்

மறைத்தலே தீங்கு என்னும் இக்கருத்து அவர்தம் பழஞ்சமயத்திலும் வேரூன்றியிருந்தது. கடல் விலங்குகளுக்கெல்லாம் தலைவியான பெண்தெய்வம் கடலடியில் வாழ்வதாக நம்பினர். நெட்சிலிக் மக்கள் அவளை நுலியாயுக் என அழைத்தனர். பாஃபின் தீவு வழக்கில் அவள் பெயர் செட்னா. மக்கள் விலக்குகளை மீறும்போது அத்தீங்குகள் அழுக்காகி அவள் கூந்தலில் படிந்து சிக்காகும், அவள் சினந்து விலங்குகளை அடைத்து வைப்பாள், பஞ்சம் வரும். அப்போது ‘அங்ககுக்’ எனப்படும் பூசாரி ஆவி வடிவில் கடலடிக்குச் சென்று அவள் கூந்தலைக் கோதிச் சிக்கெடுப்பார். அவர் மீண்டு வந்ததும், கூடியிருக்கும் ஆண்களும் பெண்களும் தாம் மறைத்து வைத்த பிழைகளை ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்வர். சொன்னவரை எவரும் ஒறுப்பதில்லை. கேட்டவர்கள் மகிழ்வர், பஞ்சம் நீங்கும் என்னும் நம்பிக்கை பிறக்கும்.

இச்செய்திகளை இக்லூலிக் மக்களிடமிருந்து கேட்டுப் பதிவு செய்தவர் நுட் ராஸ்முசன். கிரீன்லாந்தில் 1879-இல் பிறந்து, தாய்வழியில் இனுயிட் குருதி உடையவராய், இளமைமுதல் அவர்தம் மொழியில் வளர்ந்தவர். 1921 முதல் 1924 வரை கிரீன்லாந்திலிருந்து அலாஸ்கா வரை ஐந்தாம் தூலே ஆய்வுப் பயணத்தை நடத்தினார். முதியோர் உரைத்ததை அவர்கள் மொழியிலேயே பொறுமையுடன் கேட்டதால் அவரது தொகுப்பு இன்றும் மதிக்கப்படுகிறது.

நாணயத்தின் மறுபக்கம்

இவற்றையெல்லாம் கண்டு, இனுயிட் சமுதாயத்தைப் பூசலற்ற பொன்னுலகம் எனப் புனைந்துவிடலாகாது. ராஸ்முசன் கண்ட காப்பர் இனுயிட் குடியிருப்பொன்றில் 15 குடும்பங்கள் இருந்தன. அங்கு வளர்ந்த ஆடவருள் ஏதேனும் ஒரு கொலையில் தொடர்பில்லாதவர் ஒருவரும் இல்லை என அவரே எழுதியுள்ளார். பெண்ணை முன்னிட்டு எழுந்த பகையும் பழிக்குப்பழியும் அவற்றுக்குக் காரணங்கள். நெட்சிலிக் மக்களிடையே, இருவர் எதிரெதிர் நின்று நெற்றிப்பொட்டிலோ தோளிலோ ஒருவர் மாற்றி ஒருவர் ஒவ்வொரு குத்தாக வாங்கிக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அதிலும் தன் முறை வரும்வரை காத்திருத்தல் விதி.

ஊருக்கே அச்சமாகிவிட்டவனைப் பொறுத்தவரை கடைசித் தீர்வு மரணமாக இருந்தது. 1883–84-இல் பாஃபின் தீவில் தங்கி ஆராய்ந்த ஃபிரான்ஸ் போவாஸ், அத்தகையவனைக் கொல்லுமுன் ஊரார் ஒவ்வொருவரின் கருத்தும் கேட்கப்பட்டதைக் குறித்துள்ளார். அனைவரும் இசைந்த பின்னர்ச் செய்யப்படும் அச்செயல் பழிக்குரிய கொலையாகக் கருதப்படவில்லை. பாட்டும் ஒதுக்கிவைத்தலும் இத்தகைய கொடிய முடிவு வாராமல் தடுக்க எழுப்பிய வேலிகள். வேலிகள் சிற்சில வேளைகளில் சரிந்தன என்பதையும் வரலாறு மறைக்கக் கூடாது.

அயலார் மன்றம்

இம்முறையும் ஐரோப்பியர் சட்டமும் நேருக்குநேர் மோதிய நிகழ்ச்சி பாஃபின் தீவின் வடபகுதியில் நடந்தது. ராபர்ட் ஜேன்ஸ் என்னும் நியூஃபவுண்ட்லாந்து வணிகர் அங்குத் தோல் வாணிகம் செய்து நொடித்து, ஊர் திரும்பக் கப்பலும் இன்றித் தவித்தார். 1920-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு வேட்டைக் குடியிருப்பில், தமக்குத் தோல்கள் தராவிடில் நாய்களையும் மனிதர்களையும் சுட்டுவிடுவதாக அச்சுறுத்தினார். நாய்கள் இன்றி அங்கு உயிர் வாழ்தல் அரிது. வேட்டைக்காரர்கள் கூடிப் பேசினர். அவரைக் கொல்வதன்றி வேறு வழியில்லை என முடிவாயிற்று. நுகல்லாக் என்பவர் துணைவர்களுடன் அம்முடிவை நிறைவேற்றினார். அவர்களைப் பொறுத்தவரை இது முன்னோர் வகுத்த முறைப்படி ஊர் எடுத்த முடிவு. ஆகவே செய்ததை மறைக்கவும் அவர்கள் முயலவில்லை.

கனடிய அரசு இதனைக் கொலைவழக்காகக் கொண்டது. 1923-இல் நீதிபதியும் வழக்கறிஞர்களும் அரசுக் கப்பலில் பாண்ட் இன்லெட் வந்து விசாரணை நடத்தினர். நுகல்லாக்கிற்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தென்கனடாவின் சிறையில் அவர் காசநோய்க்கு ஆளானார். 1925-இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பிய அவர் சில மாதங்களில் மறைந்தார். கனடாவின் மேற்கு ஆர்க்டிக்கில் ஹெர்ஷெல் தீவில் 1923-இல் நடந்த மற்றொரு விசாரணைக்கு நீதிமன்றக் குழுவினருடன் தூக்கிலிடுபவரும் உடன் சென்றார். 1924 பிப்ரவரி முதல் நாள் இரு இனுயிட் ஆடவர் அங்குத் தூக்கிலிடப்பட்டனர். தீர்ப்புக்கு முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்ததோ என்னும் ஐயம் இவ்வழக்கைப் பற்றி இன்றளவும் எழுப்பப்படுகிறது.

இம்மன்றங்களில் மொழியும் தடையாயிற்று. குற்றத்தை ஒப்புகிறாயா மறுக்கிறாயா எனும் சட்ட வினாவிற்கு நிகரான தொடர் இனுயிட் மொழியில் இல்லை. ‘செய்தாயா, இல்லையா?’ என்றே அது பெயர்க்கப்பட்டது. செய்ததை மறைத்தல் பிழை எனக் கற்றவர் அதற்கு என்ன விடை தருவார்? ‘செய்தேன்’ என்பார். தம் ஊரில் அச்சொல்லோடு விடுதலை தொடங்கும். அயலார் மன்றத்திலோ அச்சொல்லோடு தண்டனை தொடங்கிற்று.

மௌனம் இசைவாகக் கொள்ளப்பட்டமை

உரத்த சொல்லைவிட, உரைக்காத சொல்லே பின்னாளில் பெருந்துயருக்குக் காரணமாயிற்று. 1953-இல் கனடிய அரசு, கியூபெக்கின் வடபகுதியிலுள்ள இனுக்ஜுவாக் என்னும் ஊரைச் சேர்ந்த குடும்பங்கள் சிலவற்றை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே கிரைஸ் ஃபியோர்ட், ரெசொலூட் என்னும் இடங்களில் குடியேற்றியது. அங்கே குளிர்காலத்தில் திங்கள்கணக்கில் கதிரவன் உதிப்பதில்லை. பழகிய விலங்குகளும் இல்லை. இரண்டாண்டுகளில் விரும்பினால் திரும்பலாம் என்னும் வாக்குறுதியும் காக்கப்படவில்லை. உறவினர் அனைவரும் ஒரே இடத்தில் வாழ்வர் என எண்ணியவர்கள், கப்பலில் செல்லும்போதுதான் தாம் பிரிக்கப்படப் போவதை அறிந்தனர்.

அக்குடும்பங்கள் விரும்பியே சென்றன என அரசுத்தரப்பில் நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. காவலர் வீடு தேடி வந்து கேட்டபோது அவர்கள் மறுக்கவில்லை என்பதே அதற்கு ஆதாரம். இங்கேதான் ‘இலிரா’ என்னும் இனுயிட் சொல்லை அறிதல் வேண்டும். தன்னைவிட வலியவர் முன், அவருடைய மனவோட்டம் புலப்படாத நிலையில் எழும் அச்சமும் தயக்கமும் கலந்த உணர்வு அது. அவ்வுணர்வுக்கு ஆட்பட்டவர் மறுத்துப் பேசமாட்டார், தலைகுனிந்து வாளாவிருப்பார். இனுயிட் தலைவர்களுள் ஒருவரான ரோஸ்மேரி குப்தானா, வெள்ளையர் அதிகாரத்தை எதிர்த்துப் பேசுதல் தம் மக்களுக்கு ஏன் நினைத்தும் பாராத செயலாயிருந்தது என்பதை 1993-இல் இச்சொல்லைக் கொண்டே விளக்கினார். அவ்வாண்டு, பழங்குடி மக்களுக்கான அரச ஆணையத்தின் முன் இடம்பெயர்க்கப்பட்டோர் சான்றுரைத்தனர். நாற்பதாண்டு மௌனத்தின் பொருள் அன்றுதான் அரசின் செவிக்கு எட்டிற்று. 1994-இல் ஆணையம் மன்னிப்புக் கேட்குமாறு பரிந்துரைத்தது. அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டதோ 2010-இல்.

‘கேட்பவர்’ எனப் பெயர்பெற்ற நீதிபதி

அயலார் அனைவரும் செவியற்றவர் என்றும் சொல்லிவிட முடியாது. 1955-இல் வடமேற்கு நிலப்பகுதிக்கெனத் தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் நீதிபதியாக ஜான் சிசன்ஸ் பொறுப்பேற்றார். குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தொலைவிலுள்ள நகருக்குக் கொண்டுவருவதற்கு மாறாக, நீதிமன்றத்தைச் சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு அவர்தம் ஊர்களுக்கே சென்றார். பனிவெளியில் அந்தந்த ஊராரின் முன்னிலையில் வழக்குகளைக் கேட்டார். இனுயிட் மரபுப்படி நடந்த திருமணமும், மரபுப்படி மகவை வளர்ப்புக்கு ஏற்றலும் சட்டப்படி செல்லும் என 1961-இல் தீர்ப்பளித்தார். இத்தீர்ப்புகளால் தலைநகர் அலுவலர்களோடு பிணக்கு நேர்ந்தபோதும் அவர் பின்வாங்கவில்லை.

இனுயிட் மக்கள் அவருக்கு ‘எகோக்டோகீ’ எனப் பெயரிட்டனர். கேட்பவர் என்பது அதன் பொருள். அவர்களிடம் நீதிபதியைக் குறிக்கும் பழஞ்சொற்கள் இல்லை. நல்லவர், அறிவாளர், நேர்மையாளர் என்றெல்லாமும் அவர்கள் அழைத்திருக்கலாம். அவற்றையெல்லாம் விடுத்து இப்பெயரைத் தேர்ந்தமை, ஒரு நீதிபதியிடம் அம்மக்கள் எதிர்பார்த்தது என்ன என்பதை நமக்குக் காட்டுகிறது. அவர் விசாரித்த வழக்குகளின் காட்சிகளை இனுயிட் கலைஞர்கள் சிற்றுருவச் சிற்பங்களாகச் செதுக்கினர். சிசன்ஸும் அவருக்குப் பின் 1966-இல் பொறுப்பேற்ற வில்லியம் மாரோவும் தொகுத்த அச்சிற்பங்கள் யெல்லோநைஃப் நகர நீதிமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டன.

மீண்டெழும் மரபு

1993-இல் உருவான நில உடன்பாட்டின் பயனாக 1999 ஏப்ரல் முதல் நாள் நுனாவுட் என்னும் தனி ஆட்சிப்பகுதி பிறந்தது. ‘நம் நிலம்’ என்பது அப்பெயரின் பொருள். அதன் சட்டமன்றத்தில் அரசியல் கட்சிகள் இல்லை. உறுப்பினர்கள் வட்டமாக அமர்ந்து, தம்முள் முதல்வரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுக்கின்றனர். அரசின் வழிகாட்டு நெறிகளாக ஏற்கப்பட்ட இனுயிட் விழுமியங்களுள் ஒன்று ‘ஆஜீகதிகீன்னிக்’. கலந்துரையாடி ஒருமித்த முடிவுக்கு வருதல் என அதனைத் தமிழில் கூறலாம். இதனால் எல்லாத் துயரும் தீர்ந்துவிட்டதென்பதில்லை. தற்கொலை விகிதம் அங்கே கனடாவின் சராசரியைவிடப் பன்மடங்கு மிகுதி. நீதிமன்றங்களில் வன்முறை வழக்குகளும் மிகுதி. ஒரு தலைமுறைக்குள் வேட்டைக் குடியிருப்பிலிருந்து நிலையான ஊர்களுக்குப் பெயர்த்துவைக்கப்பட்ட மக்களின் காயங்கள் அவை.

அக்காயங்களுள் ஆழமானது சறுக்குவண்டி நாய்களின் இழப்பு. 1950-களிலும் 60-களிலும் காவலரும் அலுவலரும் நாய்களைச் சுட்டுக் கொன்றனர். கட்டி வைக்கப்படாத நாய்கள் ஊருக்கு ஆபத்து என்பது அவர்கள் சொன்ன காரணம். நாயை இழந்த வேட்டைக்காரன் வேட்டையை இழந்தான். குடும்பத் தலைவன் என்னும் மதிப்பையும் இழந்தான். அப்போதும் பெரும்பாலோர் எதிர்த்துப் பேசவில்லை. பாஃபின் பகுதி இனுயிட் அமைப்பு 2007-இல் தானே ஓர் உண்மை ஆணையத்தை நிறுவி, லாப்ரடாரைச் சேர்ந்த இனுக் நீதிபதி ஜேம்ஸ் இக்லோலியோர்டியை அதற்குத் தலைவராக்கியது. ஆணையம் 13 ஊர்களுக்கும் சென்று ஏறத்தாழ 350 பேரின் கூற்றுகளைக் கேட்டது. 2010-இல் வெளிவந்த அதன் இறுதி அறிக்கையின் தலைப்பில் ‘சைமாகதிகீங்னிக்’ என்னும் சொல் இடம்பெற்றது. முன்னாள் எதிரிகள் மீண்டும் கூடி அமைதி காணுதல் என்பது அதன் பொருள். பாட்டுப் போர் முடிந்து எதிரிகள் ஒரே ஊரில் வாழத் தொடங்கிய அந்நாளைய குறிக்கோளே இந்த அறிக்கையிலும் ஒலிக்கிறது. 2019 ஆகஸ்டில் இக்காலுயிட் நகரில் கனடிய அரசு அப்பகுதி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

கியூபெக்கின் வடபகுதியான நுனாவிக்கிலும் இக்கொடுமை நிகழ்ந்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் ஜாக் குரோட்டோ அங்கு ஆராய்ந்து, ஆயிரத்திற்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன என 2010-இல் அறிவித்தார். 2024 நவம்பர் 23 அன்று காங்கிக்சுயுவாக் என்னும் ஊரில் கனடிய அரசின் சார்பில் ஓர் அமைச்சர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். 4 கோடியே 50 இலட்சம் டாலர் இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. அவ்வமைச்சர் கெரி ஆனந்தசங்கரி, ஈழத்தில் பிறந்து, 1983-ஐ ஒட்டிய காலத்தில் சிறுவனாகக் கனடா சென்ற தமிழர். இனுயிட் முதியோர் முன் தலைதாழ்த்தி நின்ற அரசின் குரல் அன்று ஒரு தமிழரின் குரலாக இருந்தது. இடம்பெயர்தலின் துயரை அறிந்த இனத்தில் பிறந்த ஒருவருக்கு அப்பணி வாய்த்தமை நாம் நினைவில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

கிரீன்லாந்தின் பறையும் மறையவில்லை. அங்கு வழங்கும் பறை ஆட்டத்தையும் பாட்டையும் 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். இனுயிட் மக்களின் தீர்வு முறை, குற்றவாளியைக் கண்டறிதலைவிடச் சேர்ந்து வாழ்தலையே குறிக்கோளாகக் கொண்டது. அக்குறிக்கோளுக்குச் சொல்லைவிடச் செவியே துணைநின்றது. அச்செவியை அயலார் பெற்றிராமையால், அவர்தம் ஒப்புதல் குற்ற ஏற்பாகவும், அவர்தம் மௌனம் இசைவாகவும் பிழைபடக் கொள்ளப்பட்டு, பல தலைமுறைகள் துன்புற்றன.

மேடைகளும் பட்டிமன்றங்களும் நிறைந்த சூழலில் வாழும் நமக்குப் பேச்சுப் பயிற்சி குறைவில்லை. இருபதாண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் பேசிப் பழகிய எனக்கு, மாணவியர் வாளாவிருந்தபோதெல்லாம் அவர்களுக்குப் பாடம் விளங்கிவிட்டது என எண்ணிக்கொண்ட நாள்கள் இக்கட்டுரைக்காகப் படிக்கும்போது நினைவுக்கு வந்தன. அந்த மௌனங்களுள் எத்தனை இலிராவோ, யான் அறியேன். பாஃபின் தீவின் முதியவர் ஒருவர் தம் நாய்களின் கதையைச் சொல்ல ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவரிடம் சொல் இல்லாமற் போகவில்லை. அமர்ந்து கேட்பார்தாம் இல்லை. ஆண்டு பத்தாகக் கூடிப் பேசியும் கேட்டும் வரும் இவ்விலக்கிய வட்டத்தார் இதனை என்னைவிட நன்கறிவர் என்னும் நம்பிக்கையோடு இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன்.